தலைவலி மாத்திரையே தலைவலி தரும்!

ஆரம்பாக்கம், பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் பிழைப்பு தண்ணீரில்தான். இரவில் கண் விழிப்பு. காலையில் வெறும் வயிறு. பகலில் கடும் வெயில். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த நான்குமே பகை!

ஏரியில் "பாடு" முறை உண்டு. இன்றைய முறை தவறினால், அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தலைவலியால் ஒரு நாள் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் பலர் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள்.

இது சரியா?

நடிப்பு அல்ல

ஒற்றைத் தலைவலி மூளை, நரம்பு சம்பந்தப்பட்ட நோய். தலை விண் விண் என்று தெறிக்கும். குமட்டும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். "வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறாள்" என்று மாமியார் பேசுவது அநியாயம்!

மாத்திரை எப்படி?

வலி தொடங்கியதும் பாராசிட்டமால் அல்லது இபுபுரூபன் சாப்பிட்டால் பலருக்குக் கேட்கும். இபுபுரூபனை வெறும் வயிற்றில் போடக்கூடாது. அதற்கும் கேட்காவிட்டால் சுமட்ரிப்டான் போன்ற மருந்துகள் உண்டு. இதய நோயாளிகளுக்கு அது ஆகாது. டாக்டர்தான் தர வேண்டும்.

ஆனால் ஓர் ஆபத்து. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் சாதாரண வலி மாத்திரை போட்டு வந்தால், சில மாதங்களில் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும்! சுமட்ரிப்டானுக்கும் கலவை மாத்திரைகளுக்கும் 10 நாளே எல்லை.

வருமுன் காக்க

மாதம் நான்கு நாளுக்கு மேல் வலி வருகிறதா? தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். புரோப்ரனலால் இதய நோய்க்காக வந்த மருந்து. அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஒற்றைத் தலைவலியும் குறைவதை 1960-களில் டாக்டர்கள் கண்டார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடாது. தடுப்பு மருந்தைத் தினமும் சாப்பிட வேண்டும். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். கர்ப்பிணிகள் எந்த மாத்திரைக்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வேளைக்குச் சோறு, போதிய தண்ணீர், தலைக்குத் துண்டு, ஒழுங்கான தூக்கம். இவையும் மருந்தே.

திடீரென்று இடிபோல் வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு கண்டால் காத்திருக்கலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

வீடு தேடி ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021-ல் தொடங்கப்பட்டது. அப்படி வீட்டுக்கு வரும் ஊழியர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: "மாதம் எத்தனை நாள் தலைவலி? எத்தனை மாத்திரை?"

செலவில்லாத கேள்விகள். பல குடும்பங்களைக் காப்பாற்றும் கேள்விகள்!