எலிக்குக் கறிமணம் தேவையில்லை, ஓட்டை போதும்

லண்டனிலை வீடு திருத்துற எங்கட சனத்துக்கு ஒரு ஆசை. நிலத்துக்குக் கீழாலை சுடுதண்ணிக் குழாய் ஓடவேணும், வெறுங்காலோடை நடக்க இளஞ்சூடாய் இருக்கவேணும். நல்லது. நடுச்சாமம் வேலை முடிஞ்சு குளிருக்குள்ளாலை வாறவனுக்கு அது சுகம்தான். என்ரை கோபம் வேறை. குழாயைப் போட்டுவிட்டு ஓட்டையை மூடாமல் போறவையிலையும், பேந்து எலி வந்தால் வாடகைக்கு இருக்கிறவனைத் திட்டுறவையிலையும்தான் கோபம்.

"நீங்கள் கறி காய்ச்சுறியள், அதுதான் எலி வருது." இதை வெள்ளைக்காரன் சொன்னால் துவேஷம் எண்டு துள்ளுவம். தமிழ் வீட்டுக்காரர் சொன்னால் மட்டும் தலையாட்டவேணுமோ?

போன வின்ரரிலை நான் இருக்கிற வீட்டிலை பலகையைக் கிளப்பினால், குழாயைச் சுத்தின ஃபோம் உறை தூள்தூளாய்க் கிடக்குது. திருத்துற காசை என்ரை டிப்போசிற்றிலை கழிப்பாராம். அந்த ஃபோமை நானோ கடிச்சன்?

கனகாலமாய் றெஸ்ரோரண்ட் குசினியிலை நிக்கிறன். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் சட்டியை மட்டும் பாக்கிறேல்லை. சிங்குக்குக் கீழை குழாய் சுவருக்குள்ளை போற இடத்தையும் ரோர்ச் அடிச்சுப் பாப்பார். ஏனெண்டால் சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும், ஒரு பென்சில் தடிப்பு. அதின்ரை முன்பல் சாகுமட்டும் வளரும், எதையாவது அரிச்சுக்கொண்டே இருக்கும். ஃபோமும் பொலிஸ்ரைரீனும் அதுக்குச் சாப்பாடில்லை, கூடு கட்டுற பஞ்சு. பக்கத்திலை சூடும் இருந்தால் பிறகென்ன?

சீமெந்துக்குள்ளை புதைச்ச குழாயை எலி நெருங்காது. ஆபத்து பழைய விக்டோரியன் வீடுகளிலை. பலகைக்குக் கீழை வெறும் இடம், வளைகளுக்கு இடையிலை பொலிஸ்ரைரீன் தட்டு. அதுக்கு அடியாலை 6 மில்லிமீற்றருக்குக் குறைஞ்ச கண்ணுள்ள துருப்பிடியாத கம்பிவலை அடிக்கவேணும். குழாய் சுவரைத் துளைக்கிற இடத்திலை கம்பிப்பஞ்சை இறுக்கி அடைஞ்சு மேலாலை சீமெந்து பூசவேணும். ஸ்பிறே ஃபோம் மட்டும் அடிச்சால் எலி அதையும் அரிச்சுக்கொண்டு வரும். வெளிச்சுவரிலை இருக்கிற காத்தோட்டக் கல்லை மட்டும் அடைச்சுப்போடாதேங்கோ, ஈரம் தங்கி வளை உக்கிப்போகும். அதுக்கும் வலைதான். இதெல்லாம் பலகையை மூடமுதல் செய்யிற வேலை. பிறகெண்டால் முழு நிலத்தையும் கிளப்பவேணும்.

சிலர் மருந்து வைப்பினம். எலி சூடான நிலத்துக்குக் கீழை செத்துக் கிடக்கும். அந்த மணத்தோடை நித்திரை கொள்ளுறது வீட்டுக்காரர் இல்லை. ஓட்டை திறந்திருந்தால் அடுத்த எலியும் வரும்.

இங்கிலாந்திலை 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரண வாடகை வீட்டிலை சூடாக்கிற அமைப்பைத் திருத்திவைக்கிற பொறுப்பு வீட்டுக்காரற்றை. 2019 மார்ச் 20 இலை நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் வீடு குடியிருக்கத் தகுந்ததாய் இருக்கவேணும் எண்டு சொல்லுது. அதைத் தீர்மானிக்கேக்கை எலித் தொல்லையும் கணக்கிலை வரும். குடியிருக்கிறவன் குப்பை போட்டு எலியை வளர்த்தால் கதை வேறை. அதுக்காக எல்லாரையும் ஊத்தையர் எண்டு சொல்லேலாது.

ஊரை விட்டு ஓடிவந்து அடுத்தவன்ரை கூரைக்குக் கீழை எத்தினையோ வருஷம் இருந்தவைதான் நாங்கள் எல்லாரும். இப்ப சொந்த வீடு வாங்கினவை அதை மறக்கக்கூடாது. வாடகை வாங்கிற கையாலை கொஞ்சம் சீமெந்தும் குழையுங்கோ.