பூச்சுக்குப் பரிசா, பறப்புக்குப் பரிசா?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ராக்கெட் மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. அட்டைக் குழாய், தெர்மகோல் இறக்கை, மேலே வெள்ளிப் பூச்சு, சுற்றிலும் வண்ண விளக்கு. பார்க்க அழகுதான்! ஆனால் மேசையை விட்டு ஓரடிகூட எழும்பாது. பல வேளைகளில் பரிசும் அதற்கே போய்விடுகிறது. இது முறையன்று. இறக்கை என்று ஒன்றைச் செய்தால் அதைக் காற்றில் விட்டுப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

ராக்கெட் கிளைடர் என்பது ஏறும்போது ராக்கெட். இறங்கும்போது சறுக்கு விமானம். 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆர்.எல்.வி.-டி.டி. கலம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உயரம் சென்று, இறக்கைகளின் துணையால் வங்கக் கடலை நோக்கிச் சறுக்கி இறங்கிற்று. அதை உருவாக்கிய விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், நாஞ்சில் நாட்டுக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது.

மாதிரிக் கலத்தின் இறக்கைக்கு ஏற்ற மரம் பால்சா. பெரும்பாலும் ஈக்வடார் நாட்டிலிருந்து வருவது. நம் இலவ மரத்துக்கு உறவு. தேக்கின் எடையில் ஏறக்குறைய கால் பங்கே இருக்கும். பெரிய காற்றாலை இறகுகள் பலவற்றின் உள்ளேயும், கண்ணாடி இழைப் படலங்களுக்கு நடுவே பால்சாப் பலகை உண்டு. முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் இழையோட்டம் இறக்கையின் நீளவாக்கில் அமைய வேண்டும். குறுக்கே அமைந்தால், மேலே பாயும் வேகத்தில் இறக்கை படபடத்து ஒடிந்துவிடும். முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலித்து, அடிப்பக்கத்தைத் தட்டையாக விட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மிக உயர்ந்த பகுதி முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கட்டும். பிறகு இரு இறக்கைகளையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். கனமான பக்கத்தை இன்னும் சற்றுத் தேய்த்தால் சரியாகும்.

அடுத்தது பூச்சு. 30 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள நடுத்தரப் பால்சாத் தகடு சுமார் 11 கிராம் இருக்கும். அதன்மேல் 3 கிராம் வார்னிஷ் ஏறினாலே கால் பங்குக்கு மேல் எடை கூடிவிடுகிறது! அதற்காகப் பூசாமலும் விடமுடியாது. இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்து ஈரத்தில் வெறும் பால்சா நீரை உறிஞ்சிக் கனக்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினாலோ வளைந்துகொள்ளும். எனவே இரு பக்கமும் மெல்லிய சீலர், காய்ந்தபின் நுண்ணிய உப்புத்தாள். அவ்வளவு போதும், பளபளப்பு வேண்டாம்.

கடையில் நுரை இறக்கை ஆயத்தமாகக் கிடைக்கிறதே, பால்சா விலை கூடுதலாயிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் அச்சில் வந்த இறக்கையில் மாணவன் தேய்க்கவும் நிறுக்கவும் என்ன இருக்கிறது? நான்கு பேர் சேர்ந்து ஒரு தகடு வாங்கினால் செலவும் தாங்கும்.

வெடிமருந்தை நீங்களே கலப்பது மட்டும் கூடவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து. இறக்கையைச் சோதிக்க அது தேவையுமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஓய்ந்திருக்கும் காலை வேளையில், கையால் வீசிப் பார்த்தாலே போதும். மூக்கைத் தூக்கித் தயங்கி விழுந்தால் மூக்கில் சிறிது களிமண் ஒட்டுங்கள். நேரே குத்தினால் சிறிது எடுங்கள்.

நடுவர்களும் மேசையருகே நிற்காமல், ஒரு நிறுத்துக் கடிகாரத்தோடும் அளவு நாடாவோடும் மைதானத்துக்கு வரட்டும்.