அக்கரையில் ஓர் ஊர்

மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டுமானால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவீர்கள். மகள் ரஷ்யாவில், த்வேர் மாகாணத்துச் சொல்னெச்னியில் குடியிருந்தால் அப்படிக் கிளம்பிவிட முடியாது, அம்மணி! முதலில் மகள் உள்ளேயிருந்து மனுப் போட வேண்டும். அதிகாரிகள் உங்களைப் பற்றி விசாரிக்க வேண்டும். அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் ஏரியைத் தாண்டலாம்.

ஏரியின் பெயர் செலிகர். அதில் கொரொதோம்லியா என்று காடடர்ந்த தீவு. அங்கேதான் இந்த ஊர். ஜனங்கள் சுமார் 2,000 பேர். ராக்கெட்டைத் திசை தப்பாமல் செலுத்த உதவும் சுழல் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. காவலெல்லாம் அதற்காகத்தான். 'சொல்னெச்னி' என்றால் 'வெயில் நிறைந்தது' என்று பொருள். பெயர் வைத்தவர் ஹாஸ்யப் பிரியர் போலும்!

முன்பு துறவிகள் தவம் செய்த தீவு அது. 1946 அக்டோபர் 22-ஆம் தேதி விடியற்காலையில் ஜெர்மனியில் ராக்கெட் நிபுணர்களின் வீட்டுக் கதவுகளை ரஷ்யச் சிப்பாய்கள் தட்டினார்கள். மனைவி, மக்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ரயிலேறின. அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் இந்தத் தீவு. ஹெல்முட் க்ரோட்ரப் என்பவரின் மனைவி இர்ம்கார்ட் அம்மாள் எழுதிய நாட்குறிப்பு 1958-இல் புத்தகமாக வந்தது. கணவர்கள் ராக்கெட்டுக்குப் படம் போட்டார்கள். அசல் ரகசியங்களை மட்டும் ரஷ்யர்கள் அவர்கள் கண்ணில் காட்டவில்லை. க்ரோட்ரப் குடும்பம் ஊர் திரும்ப 1953 ஆயிற்று.

ஜெர்மானியர் போனார்கள், காவல் போகவில்லை. சோவியத் காலத்தில் இந்த ஊருக்கு 'ஒஸ்தாஷ்கவ்-3' என்று பெயர். அக்கரைப் பட்டணத்தின் பெயரோடு ஓர் எண், அவ்வளவுதான். 1992 ஜூலையில் வந்த சட்டம் இத்தகைய ஊர்களுக்கு 'மூடிய நிர்வாகப் பிரதேசம்' என்ற அந்தஸ்தைக் கொடுத்தது. அதனால் சுற்றியுள்ள ஒஸ்தாஷ்கவ் வட்டாரத்துக்கு இந்தத் தீவு கட்டுப்பட்டதல்ல. தனி நிர்வாகம், தனி வரவு செலவு. மத்திய அரசின் உதவிப் பணமும் உண்டு. வீடு வாங்குவதற்கும் கட்டுப்பாடுதான். வெளியூர் மாப்பிள்ளைக்கு வீடு எழுதி வைக்கும் காரியம் அங்கே எளிதில் நடக்காது!

'வேலியை எடுத்தால் என்ன?' என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் இத்தகைய ஊர்களில் பலர் 'வேண்டாம்' என்கிறார்கள். திருட்டுப் பயம் குறைவு, குழந்தைகள் கவலையின்றி விளையாடலாம் என்பது அவர்கள் கட்சி. தாய்மார்களின் மனசு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒரே தொழிற்சாலையை நம்பிய ஊரில், அந்தத் தொழிற்சாலைக்கு வேலை குறைந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கோடையில் செலிகர் ஏரிக்கு உல்லாசப் பயணிகள் திரண்டு வருகிறார்கள். ஏரிக்கரை ஊர்களுக்கு அதனால் நல்ல வரும்படி. இந்தத் தீவில் மட்டும் அவர்கள் இறங்க முடியாது.