எக்ஸெலிலிருந்து கணக்கு மென்பொருளுக்கு



வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்து விற்பவர்களும், கேக் செய்து கொடுப்பவர்களும், குடும்பக் கடையின் கணக்கைப் பார்ப்பவர்களும் உங்களில் பலர் இருப்பீர்கள். கொப்பியில் இருந்த கணக்கு எக்ஸெலுக்கு வந்தது. அதை இனிக் குவிக்புக்ஸ், ஸீரோ போன்ற மென்பொருளுக்கு மாற்ற நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பட்டியலைத் துப்புரவு செய்யாமல் அனுப்பினால் ஒருவரின் கடன் இன்னொருவரின் தலையில் விழும்.

முதலில் பெயர்களைப் பாருங்கள். ஓரிடத்தில் 'ரிஸானா' என்றும் வேறோரிடத்தில் 'ரிசானா' என்றும் எழுதியிருப்பீர்கள். ஆள் ஒருவர்தான் என்று உங்களுக்குத் தெரியும், கணனிக்குத் தெரியாது. அது இரண்டு பேராகவே எடுக்கும். 8,000 ரூபா கடன் ஒருத்தியின் பெயரிலும், அவர் கட்டிய 5,000 ரூபா மற்றவள் பெயரிலும் நிற்கும். பாவம், கட்டியவரிடமே நீங்கள் மீண்டும் கேட்பீர்கள்! பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் இதே சிக்கல் வரலாம். எக்ஸெலின் 'ட்ரிம்' அதை நீக்கிவிடும். நம் ஊர்களில் இதற்கு நேர்மாறும் உண்டு: ஒரே பெயரில் மூன்று ரிஸானாக்கள்! ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் இலக்கம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது திகதி. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைந்த கணனிக்கு அது மார்ச் 4. நம் நாட்டில் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால், அந்த விற்பனை முந்தைய ஆண்டுக்குப் போய்விடும். 25/04/2024 போன்றவற்றை அந்தக் கணனி திகதியாகவே ஏற்காது. எழுத்தாக இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அப்படிக் கண்டால் மற்றத் திகதிகளையும் சந்தேகியுங்கள். மென்பொருள் தரும் மாதிரிப் படிவத்தில் திகதி எப்படி உள்ளதோ அப்படியே எழுதுங்கள்.

தொகையில் '1500/=' என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள்; வெறும் 1500 போதும். மாத முடிவில் போட்ட 'மொத்தம்' என்ற நிரையை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் ஒரு விற்பனையாகச் சேரும். இணைத்த கட்டங்கள், வெற்று நிரைகள் எதுவும் வேண்டாம். 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியத்தை எக்ஸெல் விழுங்கிவிடும். அந்த நிரலை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். சீஎஸ்வி கோப்பாகச் சேமித்த பின் அதை மீண்டும் எக்ஸெலில் திறந்து சேமித்தால் பூச்சியம் மறுபடியும் போய்விடும். சரிபார்க்க நோட்பேட் நல்லது.

தமிழில் பெயர் எழுதியிருந்தால் 'சீஎஸ்வி யூடிஎப்-8' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பாமினி எழுத்தில் தட்டியவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே.

பழைய கொடுக்கல் வாங்கல் முழுவதையும் ஏற்றிவிட்டு, அதே காலத்தின் ஆரம்ப மீதியையும் ஏற்றாதீர்கள். கடன் இரட்டிப்பாகிவிடும். ஒரு நாளைத் தெரிந்து, அன்றைய மீதியை மட்டும் கொண்டு போவதே சிறு வியாபாரத்துக்குச் சுகம் என்பது என் எண்ணம். வரவும் செலவும் பரீட்சை மீதியில் சமப்பட வேண்டும்.

மூலக் கோப்பைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, முதலில் ஐந்து நிரைகளை மட்டும் அனுப்பிப் பாருங்கள். அவை சரியாக வந்தால் மீதியை அனுப்பலாம். பிறகு நான்கைந்து வாடிக்கையாளரின் மீதியைக் கடன் கொப்பியுடன் ஒப்பிடுங்கள். மூன்று ரிஸானாக்களையும் அதில் சேர்த்துக் கொள்ளுங்கள்.