சங்கும் அரிவாள்மணையும்

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். விருந்தினரை வரவேற்க முதலில் ஒரு வாசல் வேண்டும். வாசலே பறிபோன பெண்கள் அதை மீண்டும் எழுப்பிக்கொண்ட வரலாறு கொல்கத்தாவுக்கு உண்டு.

தேசப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் சியால்தா ரயில் நிலைய நடைமேடைகளில் குவிந்தனர். அரசின் உதவி போதவில்லை. காளிகாட்டுக்குத் தெற்கே டாலிகஞ்ச், ஜாதவ்பூர் பகுதிகளில் வெற்று நிலங்களையும் கைவிடப்பட்ட ராணுவக் குடில்களையும் அவர்கள் கைக்கொண்டனர். பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் முதலிய குடியிருப்புகள் இவ்வாறே பிறந்தன. இரவோடிரவாக மூங்கில் தட்டிகளால் குடிசைகள் எழுந்தன. அடுப்பு எரிந்த பின்னரே குடிசை வீடாயிற்று.

அந்த அடுப்பைக் காத்தவர்கள் பெண்கள். நிலவுடைமையாளரின் அடியாட்களும் காவல்துறையும் வந்தபோது, அந்தி விளக்கேற்றுகையில் ஊதும் சங்கு எச்சரிக்கை ஒலியாயிற்று. மீன் அரியும் அரிவாள்மணையும் துடைப்பமும் ஆயுதங்களாயின. 1950இல் உருவான ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சிலும், 1951ஆம் ஆண்டின் வெளியேற்ற மசோதாவுக்கு எதிரான போராட்டமும் இந்தக் குடிசைகளின் வலிமையில் நின்றவையே. பின்னர் வந்திறங்கிய குடும்பத்துக்கு ஒற்றை அறையில் இடம் ஒதுக்கி, உலையில் மேலும் ஒரு பிடி அரிசி இட்டதும் இயக்கப் பணியே.

ஆயினும் இதைத் தியாகம் என்று போற்றி முடித்துவிடலாகாது. ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’ (1960) திரைப்படத்தில், அகதிக் குடும்பத்தைத் தன் சம்பாத்தியத்தால் தாங்கும் மகள் நீதா காசநோயால் உருக்குலைகிறாள். வீட்டின் சுமை முழுவதும் ஒருத்தியின் தோளில் ஏறினால் நேர்வது அதுவே. சுமை பகிரப்பட வேண்டும். உரிமை எழுத்தில் தரப்பட வேண்டும். கொல்கத்தாக் குடியிருப்புகளுக்கு நில உரிமை கிடைக்கவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது.

தமிழகத்திலும் இதே கேள்வி நிற்கிறது. 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம்கள் 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றன. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வரவேற்கத்தக்கதே. ஆனால் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரை விலக்கிவிட்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்று வளர்த்த பெண்ணும் அந்நியளாகவே எண்ணப்படுகிறாள். அவள் நாள்தோறும் கோலமிடும் வாசலுக்கு அவளிடம் ஆவணம் இல்லை.

குடியுரிமை வேண்டும், வீட்டு உரிமை பெண்ணின் பெயரிலும் எழுதப்பட வேண்டும். முகாம்கள் அமைந்துள்ள மாவட்டங்களின் தோழர்கள் இவ்விரு கோரிக்கைகளையும் கையிலெடுக்க வேண்டும். அதற்கு முன், அங்குள்ள பெண்கள் சொல்வதை அவர்களுடைய வாசலிலேயே அமர்ந்து கேட்க வேண்டும்.