புதிய ஆசிரியரின் முதற் பாடம்

முதன்முதல் ஆசிரியப் பணி ஏற்பவர், கற்பிக்கத் தொடங்குமுன் கற்கத் தொடங்குதல் வேண்டும் என்பது என் துணிபு. கருநாடக எல்லையை அடுத்த ஓசூர்ப் பகுதியின் நடுநிலைப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றை வீட்டில் பேசும் சிறார் ஒருங்கே பயில்வர். விடை கூறாது வாளாவிருக்கும் சிறுவனை அறிவிலன் எனக் கருதிவிட்டால் அவன் கல்வியே முடங்கும். அவன் பொருளை அறிவான். தமிழ்ச் சொல்லையே அறியான்.

நாம் ‘நீர்’ என்பதைக் கன்னடர் ‘நீரு’ என்பர். தெலுங்கர் ‘நீள்ளு’ என்பர். உருது பேசுவோர் ‘பானி’ என்பர். இவற்றைக் கேட்டறிந்து கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியரிடம் எச்சிறுவன்தான் வாய் திறவான்? அவ்வழியே தமிழும் அவனுக்கு உரியதாகும். மாணாக்கன் கொள்ளும் வகையறிந்து கற்பிக்குமாறு பவணந்தியாரின் நன்னூலும் கூறுகின்றது.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் வாய் திறவாத் தோழன் இருப்பின், அவன் வீட்டுச் சொல் ஒன்றைக் கேட்டறியுங்கள்.