திட்டைக் காப்பவர் யார்?

ஒன்றைக் காப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. சுற்றி வேலி போட்டுக் காவலாளை நிறுத்துவது ஒரு வழி. அக்கம்பக்கத்தார் அனைவரையும் அதற்குக் காவலராக்குவது மற்றொரு வழி. முன்னதைச் சர்க்கார் ஓர் உத்தரவில் செய்து முடித்துவிடலாம். பின்னதற்கு ஆண்டுகள் பல ஆகும். ஆயினும் அதுவே நிலைத்து நிற்கும் என்பது என் கருத்து. நம் மைசூரின் அருகிலேயே இதற்குச் சான்று இருக்கிறது.

ரங்கனதிட்டைச் சங்கத் தோழர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துக் காவிரியின் நடுவே அமைந்த சின்னஞ்சிறு திட்டுகள் அவை. இயற்கை தானே ஆக்கிவைத்தவை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் 1645க்கும் 1648க்கும் இடையில், கண்டீரவ நரசராஜ உடையார் ஆட்சியில், காவிரியின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டினால் உண்டானவை அவை என்று வரலாறு கூறுகிறது. மனிதன் போட்ட கல்லணை பறவைக்கு வீடு தந்தது! பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவ்விடத்தின் அருமையைக் கண்டு மைசூர் மன்னரிடம் எடுத்துரைத்ததன் பயனாக, 1940ஆம் ஆண்டில் அது சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகவும் இடம்பெற்றது.

சட்டத்தின் காவல் கிடைத்துவிட்டது. இனிக் கவலை ஏன் என்று கேட்கலாம். விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை கூற விரும்புகிறேன்.

பறவைக்கு வேண்டுவன இரண்டு: கூடு கட்ட ஓர் இடம், இரை தேட ஓர் இடம். திட்டு தருவது முதலாவதை மட்டுமே. சுற்றிலும் ஆழமான நீரும், நீரில் முதலைகளும் இருப்பதால், பூனையும் நரியும் கூட்டை அண்டுவதில்லை. ஆனால் அந்தத் திட்டில் இரை எங்கே இருக்கிறது? நத்தைகுத்தி நாரை வயல்வெளி நத்தையைத் தின்று வாழ்கிறது. கூழைக்கடா ஏரி மீனை நம்பி இருக்கிறது. கரண்டிவாயன் சேற்றுநீரைத் துழாவிப் பசியாறுகிறது. மண்டியா, மைசூர் வட்டாரத்து வயலும் வாய்க்காலும் ஏரியுமே அவற்றின் சமையலறை. வயலில் நஞ்சு தெளித்தால் நத்தை மடிகிறது; ஏரியில் சாக்கடை கலந்தால் மீன் நோயுறுகிறது. திட்டில் ஒரு கிளையும் ஒடியாமலேயே அங்குள்ள குஞ்சு பட்டினி கிடக்க நேரிடும். மழை மிகுந்த ஆண்டில் மேலேயுள்ள கிருஷ்ணராஜசாகரம் நிரம்பி நீர் திறக்கப்பட்டால், தாழ்ந்த திட்டுகள் மூழ்கிக் கரைகளும் அரிக்கப்படுகின்றன. ஆகவே, திட்டின் வாழ்வும் தாழ்வும் திட்டுக்கு வெளியே முடிவு செய்யப்படுகின்றன.

இனி மத்தூர்த் தாலுகாவிலுள்ள கொக்கரே பெள்ளூரைப் பாருங்கள். அங்கே வேலி இல்லை. ஆறு சூழ்ந்த திட்டும் இல்லை. ஊர் நடுவே, வீட்டு வாசலில் நிற்கும் புளிய மரத்திலும் அரச மரத்திலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போல் அவற்றைக் கருதுகிறார்கள் ஊரார். எச்சம் வயலுக்கு உரமாகிறது. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்க ‘ஹெஜ்ஜார்லே பளக’ என்ற குழுவையும் ஊர் இளைஞர்கள் அமைத்தார்கள். 2007இல் அரசு அவ்வூரைச் சமுதாயக் காப்பகமாக அறிவித்தது. ஊர் முதலில் காத்தது. சட்டம் பின்னால் வந்தது.

தமிழ்நாட்டிலும் இக்கதை பழையதே. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள். அதன்மேல் 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆவணம் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர். அன்பும் பயனும் அங்கே கைகோத்து நின்றன.

“ஏழை உழவன் தலையில் பறவையையும் ஏன் ஏற்றுகிறீர்கள்?” என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. புளி உலுக்கும் பருவமும் குஞ்சு வளரும் பருவமும் ஒன்றாக இருக்கின்றன. மரத்தை உலுக்கினால் குஞ்சு விழும். உலுக்காவிட்டால் வருமானம் போகும். பரந்த மனம் படைத்த ஏழையைப் புகழ்ந்து கட்டுரை எழுதுவது எளிது. அவன் இழந்த புளிக்கு விலை கொடுப்பதே நீதி. கூடுள்ள மரத்துக்கு ஈட்டுத்தொகை தரும் முறையை வன இலாகா அங்கே ஏற்படுத்தியது நன்று. அத்தொகை புளியின் சந்தை விலைக்கு ஈடாகவும், காலம் தாழ்த்தாமலும் தரப்பட வேண்டும். ஊரார் செய்வது கடமை என்றால், உலகத்தார் கொடுப்பதும் கடமையே அன்றோ?

ஊரார் கண்ணை இமை காப்பதுபோல் காத்தாலும் அது மட்டும் போதாது என்பதையும் கொக்கரே பெள்ளூரே காட்டிற்று. 2017ஆம் ஆண்டின் இறுதியிலும் 2018இன் தொடக்கத்திலும் அங்கே கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் உருளைப்புழுக்கள் மலிந்திருந்தன. மீனோடு சேர்ந்து பறவையின் வயிற்றை அடைபவை அவை. குற்றம் மரத்தடியில் இல்லை. பறவை மேய்ந்த நீர்நிலைகளில் தேட வேண்டியதாயிற்று.

அப்படியானால் மைசூரில் படிக்க வந்த நமக்கு இதில் என்ன பங்கு? நம் மானசகங்கோத்திரியை ஒட்டியே குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864இல் உண்டாக்கப்பட்டது. நாள்தோறும் அதன் கரையில் நடக்கிறோம். அங்கு மேயும் கூழைக்கடாவைக் கண்டு மகிழ்கிறோம். அதில் கழிவுநீர் கலப்பதைப் பற்றிய முறையீடுகளும் பல ஆண்டுகளாக எழுந்து வந்திருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதிக்கக் கற்ற நாம், மாதம் ஒருமுறை அவ்வேரி நீரைச் சோதித்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி எல்லோரும் காணும்படி ஒட்டினால் என்ன? கன்னடத் தோழர்களையும் உடன் அழைப்போம். இதற்குப் பெரும் பொருளும் வேண்டாம், பேருரையும் வேண்டாம்.

நான் பவானிப் பக்கத்திலிருந்து வந்தவன். என் ஊரிலும் இதே காவிரிதான் ஓடுகிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால், அங்கும் சரி, இங்கும் சரி, எத்தனை டி.எம்.சி. என்ற கணக்கே முதலில் வருகிறது. அக்கணக்கு வேண்டியதுதான், உழவன் வயிறு அதில் அடங்கியிருக்கிறது. எத்தனை அளவு என்று கேட்கும் நாம், எத்தன்மையான நீர் என்றும் கேட்கப் பழக வேண்டும். அக்கேள்வியில் இரு கரையாரும் ஒரே பக்கத்தில் நிற்கலாம். அப்படி நிற்பவர்களே திட்டின் மெய்யான காவலர்கள். தோழர்களே, அக்காவலில் நம் சங்கமும் ஒரு முறை ஏற்குமா?